மோனோவா, பாலியா, என்-டைப்பா? சோலார் பேனல் சிலிக்கன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் மாட்டும் வேலை பார்க்கிறேன். மாடி ஏறி அளவெடுத்து முடிப்பதற்குள் வீட்டுக்காரர் கேட்டுவிடும் முதல் கேள்வி, "மோனோ போடலாமா, பாலி போடலாமா?" என்பதுதான். இப்போது அதோடு பெர்க், டாப்கான், ஹெச்ஜேடி, என்-டைப் என்று இன்னும் நாலு பெயர் சேர்ந்துகொண்டன. இவையெல்லாம் மோனோவுக்குள் வரும் வகைகள்தான், ஒவ்வொன்றையும் கீழே சொல்கிறேன். ஒரு குடும்பம் சேமிப்பை எடுத்து இதில் போடுகிறது. இருபத்தைந்து வருடம் மாடியில் கிடக்கப்போகிற பொருள் இது. பெயரைக் கேட்டு மிரண்டோ மயங்கியோ வாங்கக் கூடாது. அதனால் இதுவரை கேட்டவர்களுக்குச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மோனோ, பாலி என்பதெல்லாம் வேறு வேறு பொருளா?

இல்லை. எல்லாமே சிலிக்கன்தான். அணு ஒன்று, அது அடுக்கப்பட்டிருக்கும் விதம் வேறு.

சர்க்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். நூலில் கட்டித் தொங்கவிட்டு, பொறுமையாக வளரவிட்ட ஒரே பெரிய கற்கண்டு மோனோ. அதற்குள் எல்லா அணுவும் ஒரே திசையில் வரிசையாக நிற்கும். பாகு பாத்திரத்தோடு உறைந்து, சின்னச் சின்னக் கற்கண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக நிற்குமே, அது பாலி. ஒவ்வொரு துண்டும் படிகம்தான், ஆனால் பக்கத்துத் துண்டு வேறு திசை பார்க்கும். மூன்றாவது, பஞ்சு மிட்டாய். சர்க்கரைதான், ஆனால் படிகமே இல்லை. படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்கும் முன்பே உறைந்துவிட்டது. அதுதான் அமார்ஃபஸ் சிலிக்கன், அதாவது படிகமற்ற சிலிக்கன்.

வெயில் பட்டதும் சிலிக்கனுக்குள் எலெக்ட்ரான் கிளம்புகிறது. அது மேலே ஓடும் வெள்ளிக் கம்பி வரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் மின்சாரம். வழியில் எங்காவது மாட்டிக்கொண்டால் வெறும் சூடு. பாலியில் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே இருக்கும் எல்லைக்கோடுகள்தான் எலெக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் இடம். மோனோவில் அந்த எல்லைகள் இல்லை. வகைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் பாதி இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும்.

சிலிக்கன் மணலிலிருந்து வருகிறது என்கிறார்களே, ஆற்று மணலா?

ஆற்று மணல் அல்ல, சுத்தமான வெண்படிகக்கல், அதாவது குவார்ட்ஸ். பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்து அதிகம் இருப்பது சிலிக்கன்தான், எடையில் கால்வாசிக்கும் மேல். ஆனால் தனியாக எங்கும் கிடைக்காது, ஆக்சிஜனோடு ஒட்டியே கிடக்கும். குவார்ட்ஸையும் கரியையும் மின்வில் உலையில் போட்டுச் சுமார் 2,000 டிகிரியில் எரித்தால் ஆக்சிஜனைக் கரி இழுத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது 98, 99 சதவீதம் சுத்தமான சிலிக்கன். அலுமினியத்தோடு கலக்க அது போதும், பேனலுக்குப் போதாது.

அப்புறம்தான் பெரிய வேலை. அந்தச் சிலிக்கனை ஹைட்ரஜன் குளோரைடோடு வினைபுரியவைத்து, கொதிக்கவைத்து வடிக்கக்கூடிய திரவமாக மாற்றுகிறார்கள். சாராயம் காய்ச்சுவது போல வடித்துச் சுத்தம் செய்துவிட்டு, அதன் ஆவியைச் சுமார் 1,100 டிகிரியில் தகதகக்கும் மெல்லிய சிலிக்கன் கம்பியின் மேல் பாயவிட்டால், சிலிக்கன் அந்தக் கம்பியில் படிந்து படிந்து தடியாகும். சீமன்ஸ் முறை என்று இதற்குப் பெயர். பத்து லட்சம் அணுவில் ஒன்று கூட வேற்று அணுவாக இருக்கக் கூடாது என்ற அளவுக்குச் சுத்தம். இப்போது அதையும் தாண்டிப் போய்விட்டார்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. இப்படிக் கிடைக்கும் கச்சாப்பொருளின் பெயர் 'பாலிசிலிக்கன்'. மோனோ பேனலுக்கும் பாலி பேனலுக்கும் மூலம் இதுதான். "பாலிசிலிக்கன் விலை இறங்கிவிட்டது" என்று செய்தியில் வந்தால் அது பாலி பேனலைப் பற்றியது அல்ல.

மோனோ படிகத்தை எப்படி வளர்க்கிறார்கள்?

யான் சோக்ரால்ஸ்கி என்ற போலந்துக்காரர் 1916இல் கண்டுபிடித்த முறை. பேனாவை மைக்கூட்டில் தொடுவதற்குப் பதிலாக, பக்கத்தில் உருகியிருந்த வெள்ளீயத்தில் கவனமில்லாமல் தொட்டுவிட்டார், வெளியே எடுத்தபோது முனையில் நூல் மாதிரி உலோகம் தொங்கியது, அது ஒற்றைப்படிகமாக இருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, முறை அதேதான். 1,414 டிகிரிக்கு மேல் உருகி நிற்கும் சிலிக்கனின் மேற்பரப்பில் விரல் தடிமனுள்ள ஒரு விதைப்படிகத்தைத் தொடவைத்து, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுக்கிறார்கள். உருகிய சிலிக்கன் விதையைப் பார்த்து அதே வரிசையில் அடுக்கிக்கொண்டே உறைகிறது. ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு தூண், முழுக்க ஒரே படிகம்.

தூண் உருளையாக இருப்பதால், சதுரமாக வெட்டும்போது நாலு மூலையும் கொஞ்சம் மழுங்கிப் போகும். பழைய மோனோ பேனலில் செல்களுக்கு, அதாவது உள்ளே பதித்திருக்கும் சிலிக்கன் சதுரங்களுக்கு நடுவே வெள்ளையாக டைமண்ட் டைமண்டாகத் தெரிவது அதனால்தான். புது பேனல்களில் 182, 210 மில்லிமீட்டர் அகல செல் வந்துவிட்டது, மூலை மழுக்கலும் சிறுத்துவிட்டது; உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

பாலிக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை. சிலிக்கனைச் சதுரத் தொட்டியில் உருக்கி, அடியிலிருந்து மேல்நோக்கி ஆறவிடுவார்கள். கட்டியாக உறையும். அதைப் பாளம் பாளமாக அறுத்தால் மூலை மழுங்காத முழுச் சதுரம் கிடைக்கும்.

பாலி நீலம், மோனோ கறுப்பு. நிறம் எதற்காக?

இரண்டிலும் மேலே ஒளி திரும்பிப் போகாமல் இருக்க சிலிக்கன் நைட்ரைடு பூச்சு உண்டு. நீலம் அந்தப் பூச்சின் நிறம். மோனோ கறுப்பாகத் தெரியக் காரணம் வேறு. அதன் மேற்பரப்பைக் காரத்தில் முக்கினால், அணுக்கள் ஒரே வரிசையில் இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் கோபுரங்களாக அரிக்கும். ஒரு கோபுரத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி பக்கத்துக் கோபுரத்தில் போய் விழும், தப்பிக்க இடமில்லை. ஒளி திரும்பி வராத பொருள் நம் கண்ணுக்குக் கறுப்பு. பாலியில் துண்டுகள் ஆளுக்கொரு திசை பார்ப்பதால் காரம் சரியாக வேலை செய்யாது. அமிலத்தில் அரிக்க வேண்டும், அது அவ்வளவு நன்றாக ஒளியைப் பிடிக்காது.

காலை வெயிலில் ஒரு பாலி பேனலின் பக்கம் குனிந்து சாய்வாகப் பாருங்கள். உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டவைத்தது போல நீலத்திலேயே பத்து விதமான திட்டுகள் மின்னும். ஒவ்வொரு திட்டும் ஒரு படிகம். எனக்கு அது பார்க்க இன்றும் பிடிக்கும்.

பாலி மலிவுதானே, இப்போது ஏன் கடையில் கிடைப்பதில்லை?

2010களின் நடுவில் உலகில் விற்ற பேனல்களில் பாதிக்கு மேல் பாலிதான். பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. காரணம் பெரும்பாலும் ஒரு ரம்பம்.

முன்பு சிலிக்கன் தூணை அறுக்க, எஃகுக் கம்பியோடு எண்ணெயும் உராய்வுத் தூளும் கலந்த குழம்பை ஓடவிட்டு அறுத்தார்கள். மெதுவான வேலை, விரயமும் அதிகம். பிறகு வைரத்துகள் பதித்த கம்பி வந்தது. அது ஒரே படிகமான மோனோவை வெண்ணெய் மாதிரி அறுத்தது. பல படிகம் கலந்த பாலியை அப்படி அறுக்க முடியவில்லை. மெனக்கெட்டு அறுத்தாலும் மேற்பரப்பு வழவழப்பாகிவிட, அமிலம் அதைப் பழையபடி அரிக்க மறுத்தது. அதைச் சரிசெய்யத் தனிச் செலவு. அதே சமயத்தில் ஒரு தொட்டி உருக்கலிலிருந்து பல தூண்கள் இழுக்கும் வித்தையும் மோனோவுக்குக் கைகூடியது. மோனோவின் விலை பாலியின் விலைக்குப் பக்கத்தில் வந்தது. பேனல் விலை மட்டும் பார்க்காமல் கம்பி, ஸ்டாண்ட், ஆள் கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், குறைந்த பேனலில் அதே வாட் தரும் மோனோ முந்திவிட்டது. பாலிக்கு மலிவு ஒன்றுதான் பலம். அது போனதும் எல்லாம் போயிற்று.

இன்று யாராவது உங்களுக்குப் புது பாலி பேனல் தருகிறேன் என்றால், அது கிடங்கில் கிடந்த பழைய சரக்கா என்று தேதியைப் பாருங்கள்.

ஒரு கிலோவாட் மோனோ, ஒரு கிலோவாட் பாலி. எது அதிக யூனிட் தரும்?

ஏறக்குறைய ஒன்றுதான். இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை.

பேனலில் எழுதியிருக்கும் வாட், ஆய்வகத்தில் ஒரே அளவு ஒளியில், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மோனோவானாலும் பாலியானாலும் அந்த 1,000 வாட் அதே 1,000 வாட். நம் பக்கம் அது சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தரும். திறன் சதவீதம் என்பது எவ்வளவு இடத்தில் அந்த வாட் கிடைக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

கணக்கு இதோ. பழைய 330 வாட் பாலி பேனல் ஒன்று சுமார் 21 சதுர அடி. 3 கிலோவாட்டுக்கு ஒன்பது பேனல், 190 சதுர அடிக்குப் பக்கம். இப்போதைய 580 வாட் டாப்கான் பேனல் சுமார் 28 சதுர அடி. ஐந்து போட்டாலே 2.9 கிலோவாட், 140 சதுர அடியில் முடிந்துவிடும். மீதி ஐம்பது சதுர அடியில் துணி காயப்போடலாம், வடகம் பிழியலாம். மாடி பெரியதாக இருந்து, இடத்துக்குப் பஞ்சமில்லை என்றால் இந்த வித்தியாசத்துக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சின்ன மாடி, தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம், படிக்கட்டு அறை ஒரு பக்கம் என்றால் திறன் அதிகமுள்ள பேனலுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

"நம்ம வெயிலுக்கு பாலிதான் சரி, மோனோ குளிர்நாட்டுக்கு" என்கிறார்களே?

தவறு. இந்த ஒரு பேச்சை ஊரிலிருந்து துடைத்துப் போட வேண்டும் என்று நான் ரொம்ப நாளாக நினைக்கிறேன். உண்மை இதற்கு நேர்மாறானது.

சூடு ஏறினால் எல்லா சிலிக்கன் பேனலும் குறைவாகத்தான் தரும். எவ்வளவு குறையும் என்பதற்கு ஓர் எண் உண்டு, வெப்பக் குணகம். பேனலோடு வரும் விவரத்தாளில் எழுதியிருப்பார்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பாலி 0.40 சதவீதம் போல இழக்கும். மோனோ பெர்க் 0.35. டாப்கான் 0.30 அல்லது கொஞ்சம் குறைவு. ஹெச்ஜேடி 0.25.

சித்திரை மாதம் நண்பகலில் ஒரு மாடியில் பேனலின் பின்பக்கம் வெப்பமானி ஒட்டிப் பார்த்தேன், 64 டிகிரி காட்டியது. உள்ளே செல் அதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடவே இருக்கும். கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தால் எடுத்துவிடத் தோன்றும். சரி, 65 என்றே வைத்துக்கொள்வோம். 25இலிருந்து 40 டிகிரி அதிகம். 3,000 வாட் அமைப்பில் முழு வெயில் நேரம்:

பாலி 16 சதவீதம் இழந்து 2,520 வாட்.
பெர்க் 14 இழந்து 2,580.
டாப்கான் 12 இழந்து 2,640.
ஹெச்ஜேடி 10 இழந்து 2,700.

வெயில் அதிகமுள்ள ஊருக்குத்தான் மோனோவும் என்-டைப்பும் பொருத்தம். குளிர்நாட்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, நமக்குத் தெரியும். ஆனால் பாருங்கள், கீழிருந்து மேல் வரை வித்தியாசம் 180 வாட்தான், அதுவும் உச்சி வெயிலில். பேனலைத் தரையோடு ஒட்டிப் போடாமல் காற்று அடியில் ஓடும்படி ஓர் அடி, இரண்டு அடி தூக்கிப் போடுவதும் சில டிகிரி குறைக்கும். அதற்குச் செலவு கொஞ்சம்தான், எந்த வகை பேனலுக்கும் பலன் உண்டு.

பி-டைப், என்-டைப் என்றால் என்ன?

சுத்தமான சிலிக்கன் அப்படியே பேனலாகாது. அதில் துளியூண்டு வேற்றுத் தனிமம் சேர்க்க வேண்டும். அடித்தட்டில் போரான் அல்லது காலியம் சேர்த்தால் பி-டைப். பாஸ்பரஸ் சேர்த்தால் என்-டைப். மேலே எதிர் வகையில் ஒரு மெல்லிய அடுக்கு. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் மின்னழுத்தம் பிறக்கிறது.

போரான் சேர்த்த பி-டைப்பில் ஒரு கோளாறு. படிகம் இழுக்கும் தொட்டியே குவார்ட்ஸ் என்பதால், அதிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் சிலிக்கனில் கரைந்துவிடும். வெயில் பட்டதும் போரானும் ஆக்சிஜனும் கைகோத்து எலெக்ட்ரானைப் பிடித்துவைக்கும் பொறியாகிவிடும். அதனால் மாட்டிய முதல் சில நாட்களிலேயே ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை குறைந்துபோகும். புது பேனல் வாங்கிய மாதமே இறங்கிவிட்டது என்று சிலர் சண்டைக்கு வந்ததுண்டு. போரானுக்குப் பதில் காலியம் சேர்த்த பிறகு பி-டைப்பிலும் இது வெகுவாக அடங்கிவிட்டது. என்-டைப்பில் போரான் அடித்தட்டு இல்லை, இந்தக் கோளாறும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாபின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் செய்து காட்டிய முதல் உருப்படியான சிலிக்கன் சோலார் செல் என்-டைப் அடித்தட்டில் செய்ததுதான். திறன் 6 சதவீதம். 1958இல் வான்கார்டு-1 செயற்கைக்கோளில் சோலார் செல் விண்வெளிக்கே போனது. அங்கே கதிர்வீச்சைப் பி-டைப் நன்றாகத் தாங்கியதால் தொழிற்சாலைகள் எல்லாம் பி-டைப்புக்கு மாறின. மாடிக்கு விண்வெளிக் கதிர்வீச்சு எதற்கு? ஆனாலும் பழக்கம் பல பத்தாண்டு தொடர்ந்தது. இப்போதுதான் தொழில் மறுபடி என்-டைப்புக்குத் திரும்பியிருக்கிறது.

பெர்க், டாப்கான், ஹெச்ஜேடி: இவை தனித்தனி சிலிக்கனா?

மூன்றுமே மோனோதான். பெர்க் பெரும்பாலும் பி-டைப், மற்ற இரண்டும் என்-டைப். சிலிக்கனின் மேற்பரப்பை எப்படி மூடிப் பாதுகாக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். படிகத்துக்குள் எல்லைக்கோடு இல்லை என்றேன் அல்லவா, ஆனால் படிகம் முடியும் இடம் என்று ஒன்று இருக்கிறது. மேல்பக்கம், கீழ்ப்பக்கம். அங்கே அணுக்களுக்குக் கைபிடிக்கப் பக்கத்து அணு இல்லை. அந்தத் தொங்கும் கைகளில் எலெக்ட்ரான் மாட்டிக்கொள்ளும்.

பெர்க் பின்பக்கத்தில் ஒரு காப்புப் பூச்சு போட்டு அதைக் குறைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழு 1980களில் உருவாக்கியது. கடைக்கு வர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அதற்காகக் கிரீனுக்கும் அவரோடு உழைத்த மூவருக்கும் 2023இல் பிரிட்டனின் குயின் எலிசபெத் பொறியியல் பரிசு கிடைத்தது.

டாப்கானில், பின்பக்க உலோகம் சிலிக்கனை நேராகத் தொடாது. நடுவில் ஒன்றரை நானோமீட்டர் அளவு ஆக்சைடு அடுக்கு. எலெக்ட்ரான் அதைத் துளைத்துக் கடந்துவிடும், வேண்டாதது கடக்காது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2013இல் முன்வைத்தது. பெர்க் தொழிற்சாலையில் சில இயந்திரங்கள் சேர்த்தாலே இதைச் செய்யலாம் என்பதால் வேகமாகப் பரவியது. பேனல் திறன் 22, 23 சதவீதம். இன்று வீட்டுக்குக் கேட்டால் பெரும்பாலும் நான் சொல்வது இதைத்தான்.

ஹெச்ஜேடியில் மோனோ தட்டின் இரு பக்கமும் சில நானோமீட்டர் தடிமனில் படிகமற்ற சிலிக்கனைப் பூசுகிறார்கள். கற்கண்டுக்குப் பஞ்சு மிட்டாய்ப் போர்வை. ஜப்பானின் சான்யோ 1990களிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. சூட்டைத் தாங்குவதில் இதற்கு மேல் இல்லை. விலை கூடுதல், நம் பக்கம் கிடைப்பதும் குறைவு.

கால்குலேட்டரில் இருக்கும் பழுப்புநிறப் பட்டை எந்த வகை?

அதுதான் படிகமற்ற சிலிக்கன். 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வகத்தில் கார்ல்சனும் வ்ரோன்ஸ்கியும் அறிவித்தது. படிக சிலிக்கன் ஒளியை முழுதாக விழுங்க 130, 150 மைக்ரான் தடிமன் வைக்கிறோம், தலைமுடியைப் போல இரண்டு மடங்கு. இதற்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே போதும். தூணும் வேண்டாம், அறுப்பும் வேண்டாம். வாயுவிலிருந்து நேராகக் கண்ணாடி மேல் படியவைத்துவிடலாம். குழல்விளக்கு வெளிச்சத்துக்கும் நன்றாக வேலை செய்யும், அதனால்தான் கால்குலேட்டரில் இடம் பிடித்தது.

ஆனால் பேனல் திறன் 6 முதல் 8 சதவீதம்தான். போதாக்குறைக்கு வெயில் பட்ட முதல் சில மாதங்களில் தன் திறனில் கணிசமான பங்கை இழக்கும். ஸ்டேப்லர்-வ்ரோன்ஸ்கி விளைவு என்று பெயர், கண்டுபிடித்த ஒரு வருடத்துக்குள்ளேயே இது தெரிந்துவிட்டது. வீட்டு மாடிக்கு இதைப் போடாதீர்கள்.

பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் விழுகிறது. எந்த வகை நிழலைத் தாங்கும்?

எந்த சிலிக்கனும் தாங்காது. ஒரே ஒரு தென்னங்கீற்றின் நிழல் போதும். செல்கள் எல்லாம் சங்கிலி போலத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், நிழல் விழுந்த செல் எவ்வளவு மின்னோட்டம் விடுகிறதோ அவ்வளவுதான் மற்றதும் விட முடியும். பேனலுக்குள் மூன்று டயோடு வைத்து அந்தப் பகுதியைத் தாண்டிப் போக வழி செய்திருப்பார்கள், அவ்வளவே. செல்லைப் பாதியாக வெட்டி மேல்பாதி, கீழ்ப்பாதி என்று தனித்தனியாகப் பிரித்த பேனல்களில், கீழ்ப்பாதியில் நிழல் விழுந்தாலும் மேல்பாதி வேலை செய்யும். இப்போது வரும் மோனோ எல்லாம் அநேகமாக அப்படித்தான். மற்றபடி இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பேனலுக்குப் பேனல் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் போடுங்கள். நிழல் தருவது உங்கள் டிடிஎச் டிஷ் என்றால், அதை நகர்த்துவது எல்லாவற்றையும்விட மலிவு.

இரு பக்கமும் வேலை செய்யும் பேனல் வாங்கலாமா?

மாடிக்கு வெள்ளை அடித்திருந்து, பேனலை மூன்றடிக்கு மேல் தூக்கிப் போடுகிறீர்கள் என்றால் வாங்கலாம். தரையோடு போட்டால் பின்பக்கத்துக்கு ஒளியே போகாது. பின்பக்கத் திறன் பெர்க்கில் முன்பக்கத்தின் 70 சதவீதம், டாப்கானில் 80, ஹெச்ஜேடியில் 90 அளவில் இருக்கும். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர் என்றால், பின்பக்கமும் கண்ணாடியே உள்ள பேனல் உப்பு ஈரத்துக்கு நல்ல காப்பு. அந்தக் காரணத்துக்காகவே வாங்கலாம்.

சிலிக்கனே இல்லாத பேனல் உண்டா?

உண்டு. காட்மியம் டெல்லூரைடு. ஸ்ரீபெரும்புதூர் பக்கமே ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது, 2024 ஜனவரியில் திறந்த தொழிற்சாலை. பெரும்பாலும் பெரிய மின்நிலையங்களுக்குப் போகிறது.

மானியம் வாங்க எந்த வகை போட வேண்டும்?

மானியம் சிலிக்கன் வகையைப் பார்ப்பதில்லை, எங்கே செய்தது என்று பார்க்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் 'டிசிஆர் பேனல்' என்பது இதைத்தான். திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் தொழிற்சாலை செல்லிலிருந்தே செய்கிறது. டிசிஆர் அல்லாத பேனலைவிட விலை கூடுதல் என்பதால், மானியம் கழித்த பிறகு எது லாபம் என்று இரண்டுக்கும் தனித்தனி விலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

25 வருடம், 30 வருடம் வாரண்டி என்கிறார்களே?

அது பேனல் அத்தனை வருடம் புதிது போல இருக்கும் என்ற வாக்கு அல்ல, எவ்வளவு குறையலாம் என்ற கணக்கு. வழக்கமான பி-டைப்புக்கு முதல் வருடம் 2 சதவீதம், பிறகு வருடத்துக்கு 0.55, 25ஆம் வருடம் 84.8 சதவீதம் மிஞ்ச வேண்டும். என்-டைப்புக்கு முதல் வருடம் 1 சதவீதம், பிறகு 0.4, 30ஆம் வருடம் 87.4. ஐந்து வருடம் கூடுதலாக உழைத்தும் கூடுதலாகவே மிஞ்சுகிறது. பெர்க்கைவிட டாப்கானுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், சூட்டுக் கணக்குகூட இரண்டாவதுதான்.

நான் கேட்ட வகையைத்தான் மாட்டினார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டாண்டில் ஏற்றும் முன் பேனலைத் திருப்பச் சொல்லி, பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். மாடல் எண், வாட், தொடர் எண் அதில் இருக்கும். மாடல் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு விவரத்தாளை எடுங்கள். என்-டைப்பா பி-டைப்பா, வெப்பக் குணகம் எவ்வளவு என்று அதில் தெரியும். ஒரு வீட்டில் டாப்கான் என்று காசு வாங்கி பெர்க் மாட்டியிருந்தார்கள். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு, எனக்கே வித்தியாசம் தெரியாது. வெப்பக் குணகம் 0.35 என்று போட்டிருந்ததை வைத்துத்தான் பிடித்தோம். அந்தப் பெரியவர் ஓய்வூதியப் பணத்தில் போட்டது. மாற்றி வாங்க நாலு மாதம் அலைந்தார்.

மாட்டும்போது யாரும் பேனல் மேல் கால் வைத்து ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி தாங்கிவிடும், உள்ளே இருக்கும் செல் முடி மெலிவில் விரிசல் விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் யூனிட் குறையும்.

மாடியில் பழைய பாலி பேனல் இருக்கிறது. கழற்றிவிட்டு மோனோ போடலாமா?

ஓடுகிற பேனலைக் கழற்றாதீர்கள். பத்து வருடப் பாலி இன்னும் பத்து, பதினைந்து வருடம் தரும். அதன் சிலிக்கனை உருக்கிய மின்சாரத்தை அது முதல் சில வருடங்களிலேயே திருப்பித் தந்துவிட்டது, இனி வருவதெல்லாம் வரவு.

கூடுதலாக மோனோ சேர்க்கலாம், ஆனால் அதே வரிசையில் சேர்க்காதீர்கள். பழைய 330 வாட் பாலி 9 ஆம்பியருக்குப் பக்கம் தரும். 550 வாட் மோனோ 13 ஆம்பியர். தொடரில் மாட்டினால் எல்லாம் 9 ஆம்பியருக்கு இறங்கிவிடும். 550 வாட் பேனல் 370, 380 வாட் தந்துவிட்டுச் சும்மா இருக்கும். இன்வெர்ட்டரில் இரண்டு எம்பிபிடி (ஒரு பேனல் வரிசையைத் தனியாகக் கையாளும் உள்ளீடு) இருந்தால் பாலி ஒன்றில், மோனோ ஒன்றில் என்று தனித்தனியாகக் கொடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் புது வரிசைக்குத் தனி இன்வெர்ட்டர் வையுங்கள், அதோடு நெட் மீட்டருக்கு மின்வாரியத்தில் அனுமதித்த கிலோவாட்டையும் உயர்த்தி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.